த்ரில்லர் குறும்படத்தின் எடிட்டிங்கும் பார்வையாளர் கருத்தும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குறும்படம் எடுக்கும் விஸ்காம் மாணவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வருகிற கேள்விகள் இவை. பதில் சொல்ல வசதியாக ஒரே கதையை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். நானே கட்டிய கதைதான், யாருடைய படமும் இல்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. காலையில் ஒரு பெரியவர் வந்து, மகளைக் காணவில்லை என்று நோட்டீஸ் அடிக்கச் சொல்கிறார். இரவு ஒன்பதரைக்குக் கடைப் பையன் ஷட்டரை இறக்கப் போகும்போது ஓர் இளைஞன் ஆதார் அட்டை ஒன்றை நீட்டி, இரண்டு காப்பி கேட்கிறான். அட்டையில் அந்தப் பெண்ணின் படம். மெஷினில் பேப்பர் சிக்கிவிட்டது என்று சாக்குச் சொல்லிப் பையன் நேரத்தைக் கடத்துகிறான். உள்ளே போய் நோட்டீஸில் உள்ள நம்பருக்கு போன் செய்கிறான். பெரியவர் ஆட்களோடு வருகிறார். அப்போதுதான் தெரிகிறது, அந்தப் பெண்ணை யாரும் கடத்தவில்லை. காதலித்தவனோடு வீட்டை விட்டு வந்தவள். ஆபத்து அந்த இளைஞனிடம் இல்லை, அந்த நம்பரில் இருந்தது. மொத்தம் ஒன்பது நிமிடப் படம்.

எந்த சாஃப்ட்வேரில் கற்றுக்கொள்வது?

கையில் காசு இல்லையென்றால் டாவின்சி ரிசால்வ். இலவசப் பதிப்பிலேயே எடிட்டிங், கலர், சவுண்ட் மூன்றும் இருக்கின்றன. காசு கட்டும் பதிப்புக்கு மட்டுமான எஃபெக்டைப் போட்டால்தான் வாட்டர்மார்க் வரும். லேப்டாப் ரொம்பப் பழையது, கிராபிக்ஸ் கார்டு இல்லை என்றால் கேடென்லைவ் போதும், அதுவும் இலவசம். கல்லூரி லேபில் பிரீமியர் ப்ரோ இருந்தால் அதையே பழகுங்கள். பெரிய படங்களின் எடிட்டிங் அறைகளில் ஆவிட் இன்னும் ஓடுகிறது, ஆனால் உதவி எடிட்டராகச் சேரும்போது அதைப் படித்துக்கொள்ளலாம்.

எதை எடுத்தாலும் படம் முடியும்வரை மாற்றாதீர்கள். கட், ட்ரிம், சவுண்ட் லெவல், எக்ஸ்போர்ட் என்ற நாலு வேலையும் கீபோர்டைப் பார்க்காமலே வர வேண்டும். மீதியெல்லாம் தேவைப்படும்போது தேடிக்கொள்ளலாம்.

போனில் எடுத்த ஃபுட்டேஜை டைம்லைனில் போட்டால் போகப் போக வசனம் உதட்டை விட்டு விலகுகிறது. ஏன்?

பல போன்கள் நொடிக்கு இத்தனை ஃப்ரேம் என்று நிலையாகப் பதிவதில்லை. வெளிச்சம் குறைந்தால் ஃப்ரேமையும் குறைத்துக்கொள்ளும். சவுண்டைத் தனி ரெக்கார்டரில் எடுத்திருந்தால் இரண்டும் மெல்ல மெல்லப் பிரியும். எடிட் தொடங்குவதற்கு முன்பே ஹேண்ட்பிரேக் மாதிரி இலவசக் கருவியில் எல்லா கிளிப்பையும் நிலையான ஃப்ரேம் ரேட்டுக்கு மாற்றிவிடுங்கள். பாதி எடிட் முடிந்தபிறகு மாற்றினால் தலைவலி இரட்டிப்பாகும். டைம்லைன் திணறினால் ப்ராக்ஸி (அதே கிளிப்பின் லேசான நகல்) செய்துகொள்ளுங்கள், கடைசியில் ஒரிஜினலுக்கு மாற்றி எக்ஸ்போர்ட் எடுக்கலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஜெராக்ஸ் கடை மாதிரி ட்யூப்லைட் உள்ள இடத்தில் எடுத்தால் கேமராவின் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 விநாடி என்று வையுங்கள். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ஷட்டர் அதோடு ஒத்துப்போகவில்லை என்றால் படம் முழுக்க வெளிச்சம் துடிக்கும். அதை எடிட்டிங்கில் சரிசெய்வது பெரும்பாடு.

முதலில் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்? டிரான்சிஷனா, கலர் கிரேடிங்கா?

இரண்டும் இல்லை. ஒரு ஷாட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு ஷாட்டை வைத்தால் மூன்றாவதாக ஓர் அர்த்தம் பிறக்கும். கற்க வேண்டியது அதைத்தான். நூறு வருடத்துக்கு முன்பு ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் செய்துகாட்டிய சோதனை எல்லா வகுப்பிலும் வரும்: ஒரு நடிகரின் உணர்ச்சியற்ற முகம், அடுத்து ஒரு கிண்ணம் சூப்; அதே முகம், அடுத்து ஒரு சவப்பெட்டி; அதே முகம், அடுத்து ஒரு பெண். பார்த்தவர்கள் அந்த முகத்தில் பசியையும் துக்கத்தையும் ஆசையையும் கண்டார்கள். கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போய்விடாதீர்கள். உங்கள் ஃபுட்டேஜிலேயே செய்து பாருங்கள். கடைப் பையன் சும்மா நிமிர்ந்து பார்க்கிற ஒரு ஷாட்டை எடுத்து, அடுத்து ஆதார் அட்டையை வையுங்கள். அப்புறம் கடிகாரத்தை வையுங்கள். அப்புறம் பாதி இறக்கிய ஷட்டரை வையுங்கள். பையன் மூன்று வேறு ஆளாகத் தெரிவான்.

அடுத்த பயிற்சி: ஒரே காட்சியை மூன்று விதமாக வெட்டுங்கள். ஒன்று பையன் பக்கம் நின்று, இன்னொன்று இளைஞன் பக்கம் நின்று, மூன்றாவது யார் பக்கமும் சாயாமல். வசனத்தில் ஒரு சொல்லும் மாறக் கூடாது. யார் பேசும்போது யார் முகம் திரையில் இருக்கிறது என்பது மட்டும் மாறட்டும். பேசுகிறவர் முகத்தையே காட்டிக்கொண்டிருப்பதுதான் புதியவர்களின் எடிட்டில் முதலில் கண்ணில் படுகிற குறை. “ரெண்டு காப்பி போதும்” என்று இளைஞன் சொல்லும்போது நமக்கு அவன் முகம் வேண்டாம். அதைக் கேட்கிற பையனின் முகம்தான் வேண்டும்.

இதோடு சேர்த்து ஜே-கட், எல்-கட் இரண்டையும் பழகுங்கள். அடுத்த ஷாட்டின் சத்தம் முன்னாலேயே நுழைந்தால் ஜே. முந்தைய ஷாட்டின் சத்தம் அடுத்ததுக்குள் நீண்டால் எல். படமும் சத்தமும் ஒரே இடத்தில் வெட்டுப்பட்டால் காட்சி கட்டம் கட்டமாகத் தெரியும்.

எங்கே கட் செய்வது என்று எப்படி முடிவெடுப்பது?

அமெரிக்க எடிட்டர் வால்டர் மர்ச் ஒரு நல்ல கட்டுக்கு ஆறு அளவுகோல் சொன்னார். அந்த நேரத்து உணர்ச்சிக்கு 51%, கதை நகர்வதற்கு 23%, தாளத்துக்கு 10%, பார்வையாளரின் கண் திரையில் எங்கே இருக்கிறது என்பதற்கு 7%, திரையில் யார் இடப்பக்கம், யார் வலப்பக்கம் என்ற ஒழுங்குக்கு 5%, இடத்தின் தொடர்ச்சிக்கு 4%. நம் மாணவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கையில் டம்ளர் இருந்ததே, அடுத்த ஷாட்டில் காணோமே என்று ஒரு நாள் முழுக்க அல்லாடுவார்கள். அந்த ஷாட்டில் நடிகர் உயிரே இல்லாமல் நிற்பதைக் கவனிக்க மாட்டார்கள். கன்டினியுட்டி நன்றாக இருக்கிற டேக், நடிப்பு நன்றாக இருக்கிற டேக் என்று இரண்டு இருந்தால் நடிப்பை எடுங்கள். மர்ச்சின் கணக்கைத் தராசு போட்டு நிறுக்க வேண்டியதில்லை, வரிசையை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

த்ரில்லர் எடிட்டிங்கில் தனியாக என்ன இருக்கிறது?

யாருக்கு எது எப்போது தெரிகிறது என்பதுதான். மற்ற வகைப் படங்களிலும் இது உண்டு, ஆனால் த்ரில்லரில் படமே அதுதான்.

த்ரில்லர் படங்களுக்குப் பெயர்போன இயக்குநர் ஹிட்ச்காக் 1962-ல் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவுக்குக் கொடுத்த நீண்ட பேட்டியில் இதை விளக்கினார். மேசைக்கு அடியில் குண்டு இருப்பது பார்வையாளருக்குத் தெரியாமல் திடீரென்று வெடித்தால் பதினைந்து விநாடி அதிர்ச்சி. குண்டு இருப்பதை முன்பே காட்டிவிட்டு, அது தெரியாதவர்கள் சாவகாசமாகப் பேசிக்கொண்டிருப்பதைக் காட்டினால் பதினைந்து நிமிடப் பதற்றம்.

இதை ஜெராக்ஸ் கடையில் பொருத்திப் பாருங்கள். பெரியவர் நோட்டீஸ் அடித்த காலைக் காட்சியைப் படத்தின் தொடக்கத்திலேயே வைக்கலாம். அப்போது ஆதார் அட்டை கவுன்டருக்கு வந்ததும் பையனோடு நாமும் திடுக்கிடுவோம். இல்லையென்றால் முதலில் இளைஞனைக் காட்டி, பையன் ஏன் நடுங்குகிறான் என்று சொல்லாமலே கொஞ்ச நேரம் ஓட்டி, பிறகு கழிவுப் பேப்பர் பெட்டியில் கிடக்கும் நோட்டீஸைக் காட்டலாம். அப்போது பையனுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது. மூன்றாவது வழியும் உண்டு: மெஷின் தட்டில் அட்டையைக் கவிழ்க்கும்போது பெண்ணின் முகத்தை நமக்கு மட்டும் காட்டிவிட்டு, பையன் இன்னும் பார்க்கவில்லை என்று வைப்பது. அவன் மூடியைத் திறந்து அட்டையை எடுக்கப் போகும்வரை நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்போம். ஃபுட்டேஜ் ஒன்றுதான், ஒரு ஷாட்டின் இடம் மாறினால் மூன்று படம்.

எடிட்டை ஆரம்பிக்கும்போதே ஒரு தாளில் கோடு போட்டு மூன்று பத்தியாகப் பிரியுங்கள். பையனுக்குத் தெரிந்தது, இளைஞனுக்குத் தெரிந்தது, பார்வையாளருக்குத் தெரிந்தது. ஒவ்வொரு நிமிடத்துக்கும் எழுதி வாருங்கள். மூன்று பத்தியிலும் ஒரே விஷயம் இருக்கிற நிமிடம் பெரும்பாலும் சப்பென்று இருக்கும். தமிழில் 1954-லேயே பாட்டே இல்லாமல், ஒரே சம்பவத்தை ஒவ்வொருவர் வாயாலும் வேறு வேறு விதமாகச் சொல்லவைத்து ஒரு த்ரில்லர் எடுத்தார் எஸ். பாலசந்தர், ‘அந்த நாள்’ பார்க்காதவர்கள் இந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்கலாம்.

வேகமாகக் கட் செய்தால்தான் டென்ஷன் வருமா?

வராது. வேகமான கட் பரபரப்பைத் தரும், பயத்தைத் தராது. பையன் போனில் பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் கண்ணாடிக் கதவில் இளைஞனின் நிழல் தெரிகிறது என்றால் அந்த ஷாட்டை வெட்டாமல் விடுங்கள். வெட்டினால் பார்வையாளருக்கு ஒரு விடுதலை கிடைத்துவிடும்.

சத்தத்தை என்ன செய்வது? பி.ஜி.எம். தேடித் தேடிக் களைத்துவிட்டேன்.

தேடுவதை நிறுத்திவிட்டு ஒரு தடவை இசையே இல்லாமல் எடிட்டை முடியுங்கள். இசை போட்டுக்கொண்டே வெட்டினால் காட்சி நன்றாக இருப்பதுபோல ஒரு மயக்கம் வரும். இசையை எடுத்ததும் உள்ளே ஒன்றும் இல்லை என்று தெரியும். ‘சைக்கோ’வின் குளியலறைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் சொல்லியிருந்தார். பெர்னார்ட் ஹெர்மன் மீறி எழுதிய வயலின்களைக் கேட்டபிறகு மனதை மாற்றிக்கொண்டார். இசை இல்லாமலும் நிற்கிற காட்சியாக அவர் அதை வைத்திருந்தார் என்பதைக் கவனியுங்கள்.

ஜெராக்ஸ் கடையிலேயே எவ்வளவு சத்தம் இருக்கிறது! மெஷின் சூடாகும் முனகல், பேப்பர் இழுக்கும் சத்தம், வெளியே கடைசி பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடும் கண்டக்டர். பெரியவர் வந்ததும் மெஷினை அணைத்துப் பாருங்கள். அதுவரை இருந்தது தெரியாத முனகல் நின்றதும் அடிவயிற்றில் ஏதோ செய்யும். இதற்கெல்லாம் ஷூட்டிங் இடத்தில் யாரும் பேசாமல் முப்பது விநாடி ரூம் டோன் (அந்த இடத்தின் வெறும் சத்தம்) பதிவுசெய்திருக்க வேண்டும். எடுக்கவில்லையா? அதே கடைக்கு அதே நேரத்தில் போய் எடுத்து வாருங்கள், ஒரு மணி நேர வேலை.

பார்வையாளர்களிடம் எப்போது காட்டுவது? முழுசாக முடித்தபிறகா?

முடித்தபிறகு காட்டினால் பாராட்டோ திட்டோ கிடைக்கும், பயன் கிடைக்காது. கலைஞர் டிவியின் ‘நாளைய இயக்குநர்’ மேடையில் முடிந்த படங்களை மூத்தவர்கள் விமர்சிப்பதைப் பார்த்து வளர்ந்ததால் கருத்து என்றாலே கடைசியில் வருவது என்று நம் பிள்ளைகளுக்கு ஒரு நினைப்பு. கார்த்திக் சுப்பராஜ், நலன் குமாரசாமி எல்லாம் அந்த மேடையிலிருந்து வந்தவர்கள்தான், அதன் பெருமையைக் குறைக்கவில்லை. ஆனால் அது போட்டி. உங்களுக்கு வேண்டியது ரஃப் கட்டில், அதாவது மெருகேற்றாத முதல் எடிட்டில், காட்டும் பிரிவியூ.

கதை தொடக்கம் முதல் முடிவு வரை புரிகிற நிலை வந்ததும் காட்டலாம். கலர் வேண்டாம், டைட்டில் வேண்டாம். ஆனால் வசனம் தெளிவாகக் காதில் விழ வேண்டும். சவுண்ட் மோசமாக இருந்தால் எல்லாக் கருத்தும் அதைப் பற்றியே வரும்.

ஒன்றை மறக்காதீர்கள். ஒரு த்ரில்லருக்கு ஒரு ஆள் ஒரு தடவைதான் பார்வையாளர். முடிவு தெரிந்துவிட்டால் அடுத்த கட்டுக்கு அவர் உதவ மாட்டார். அதனால் இருக்கிற இருபது பேரையும் வகுப்பில் உட்காரவைத்து ஒரேயடியாகக் காட்டிவிடாதீர்கள். ஐந்தைந்து பேராகச் செலவழியுங்கள். கடைசிக் கட்டுக்கு என்று சிலரை ஒதுக்கி வையுங்கள், அவர்களிடம் கதையைக்கூட உளறாதீர்கள்.

யாரிடம் காட்டலாம்?

கதை தெரியாதவர்களிடம். ஷூட்டிங்குக்கு டீ வாங்கித் தந்த நண்பன்கூடப் பார்வையாளர் இல்லை. வகுப்புத் தோழர்கள் லைட்டிங்கைப் பற்றிப் பேசுவார்கள். பக்கத்து வீட்டு அக்கா, வேறு துறை மாணவர்கள், தம்பியின் நண்பர்கள் இவர்களெல்லாம் தங்கம். அம்மாவுக்குக் காட்டுங்கள், ஆனால் அவர் சொல்வதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

என்ன கேள்வி கேட்க வேண்டும்? “எப்படி இருந்தது” என்று கேட்டால் எல்லோரும் “சூப்பர்” என்கிறார்கள்.

முகத்துக்கு நேராகக் கேட்டால் வேறு என்ன சொல்வார்கள்? கருத்தைக் கேட்காதீர்கள், அவர்களுக்குத் தெரிந்ததைக் கேளுங்கள். மேலே சொன்ன தாளில் பார்வையாளர் பத்தி என்று ஒன்று இருக்கிறதே, அதை நீங்கள் கற்பனையாக நிரப்பினீர்கள். இப்போது அவர்களைக் கொண்டு நிரப்புங்கள்.

படம் முடிந்ததும் பேச விடாமல் ஆளுக்கு ஒரு தாள் கொடுங்கள். பேசவிட்டால் முதலில் வாய் திறக்கிறவரின் கருத்தே எல்லோருடைய கருத்தாகிவிடும். கதையை மூன்று வரியில் எழுதச் சொல்லுங்கள். பையன் ஏன் உள்ளே போனான் என்று கேளுங்கள். யார் மேல் எப்போது சந்தேகம் வந்தது, அது எந்த இடத்தில் மாறியது என்று கேளுங்கள். எங்கே போனை எடுத்துப் பார்க்கத் தோன்றியது என்ற கேள்விக்கு மக்கள் ஆச்சரியமாக உண்மையைச் சொல்கிறார்கள், ஏனென்றால் அது உங்களைக் குறை சொல்வதுபோல இல்லை.

ஒரு குழுவுக்கு மட்டும் படத்தை இரண்டு இடத்தில் நிறுத்துங்கள். அட்டை கவுன்டருக்கு வந்ததும் ஒரு நிறுத்தம், பையன் நம்பரை அழுத்தியதும் ஒரு நிறுத்தம். “அடுத்து என்ன நடக்கும்?” என்று எழுதச் சொல்லுங்கள். நிறுத்தி நிறுத்திப் பார்த்தவர்களிடம் வேகத்தைப் பற்றிக் கேட்கக் கூடாது, அதை மற்றக் குழுவிடம் கேளுங்கள்.

படம் ஓடும்போது நீங்கள் திரையைப் பார்க்காதீர்கள். பக்கவாட்டில் உட்கார்ந்து அவர்களைப் பாருங்கள். நாற்காலியில் நெளிவது, தண்ணீர் பாட்டிலைத் தேடுவது, ஒரு இடத்தில் எல்லோரும் அசையாமல் இருப்பது எல்லாவற்றுக்கும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தாளில் எழுதுவதைவிட உடம்பு நேர்மையாகப் பேசும்.

ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். ஜெராக்ஸ் கடைப் படத்தின் ரஃப் கட்டைக் காட்டினீர்கள், மூன்று விதமான குறை வந்தது என்று வைத்துக்கொள்வோம். சிலர் “நடுவுல லேக்” என்கிறார்கள். சிலர் “அந்தப் பையன் ஓவர் ஆக்டிங்” என்கிறார்கள். ஒருவர் “மியூசிக் தேவையில்லாம மிரட்டுது” என்கிறார். உடனே என்ன செய்யத் தோன்றும்? நடுவில் ஒரு நிமிடத்தை வெட்டுவீர்கள், பையனின் குளோசப்பைத் தூக்கிவிட்டு வைட் போடுவீர்கள், இசையைக் குறைப்பீர்கள். மூன்று மாற்றம், படம் இன்னும் மோசமாகும்.

அவர்கள் எழுதிய மூன்று வரிக் கதையை எடுத்துப் படியுங்கள். ஐந்தில் மூன்று பேர் நோட்டீஸைப் பற்றி எழுதவே இல்லை என்றால் கோளாறு அங்கே இருக்கிறது. டைம்லைனில் போய்ப் பாருங்கள். பிரிண்டரிலிருந்து நோட்டீஸ் வெளியே வரும் ஷாட் 20 ஃப்ரேம் ஓடுகிறது. 24 ஃப்ரேம் ஒரு விநாடி என்றால் முழுசாக ஒரு விநாடிகூட இல்லை. போதாததற்கு அதே நேரத்தில் பெரியவர் எத்தனை காப்பி வேண்டும் என்று பேசிக்கொண்டிருக்கிறார். காது அவரிடம் போய்விட, கண் பின்னாலேயே போய்விடுகிறது. நீங்கள் அந்த நோட்டீஸை டிசைன் செய்தவர், உங்களுக்கு 20 ஃப்ரேம் போதும். முதல் தடவை பார்க்கிறவருக்கு அது வெறும் வெள்ளைத் தாள்.

நோட்டீஸில் உள்ள முகம் மனதில் பதியாததால் ஆதார் அட்டையைப் பார்த்துப் பையன் நடுங்குவது காரணமில்லாத நடுக்கம். அதுதான் “ஓவர் ஆக்டிங்”. பேப்பர் சிக்கியது என்று அவன் நேரம் கடத்துவது எதற்கு என்று தெரியாததால் அந்த இரண்டு நிமிடம் “லேக்”. பயப்பட ஒன்றும் இல்லாத இடத்தில் பயமுறுத்துவதால் மியூசிக் “தேவையில்லாம” மிரட்டுகிறது. மூன்று புகாருக்கும் வேர் ஒன்று, அதுவும் புகார் எழுந்த இடத்துக்கு நாலு நிமிடம் முன்னால் இருக்கிறது.

இப்போது என்ன செய்வீர்கள்? பெரியவரின் வசனத்தை முந்தைய ஷாட்டிலேயே முடித்துவிட்டு, நோட்டீஸ் ஷாட்டை மூன்று விநாடிக்கு நீட்டுங்கள். திரையில் வரும் எழுத்தை வாய்விட்டு இரண்டு தடவை படிக்கிற நேரம் கொடுக்க வேண்டும் என்பது நல்ல பழைய வழக்கம். அப்புறம், பையன் ஒரு நோட்டீஸை எடுத்துத் தன் கடைக் கண்ணாடியிலேயே ஒட்டுகிற ஷாட் ஃபுட்டேஜில் இருந்தால் அதைக் கொண்டுவாருங்கள். இரவில் இளைஞன் வந்து நிற்கும்போது அவன் தோளுக்குப் பின்னால் அதே முகம் தெரியும். இவ்வளவையும் செய்துவிட்டு, நடுவில் ஒரு ஃப்ரேமும் வெட்டாமல், அடுத்த ஐந்து பேருக்குக் காட்டுங்கள். பழைய புகார் வருகிறதா என்று பாருங்கள்.

ஆகவே, “இங்கே ஏதோ சரியில்லை” என்று பலர் ஒரே இடத்தைச் சொன்னால் நம்புங்கள். “இப்படி மாற்றுங்கள்” என்று சொல்வதை நன்றி சொல்லிக் கேட்டுக்கொண்டு, ஏன் அப்படிச் சொன்னார்கள் என்று மட்டும் யோசியுங்கள். ஒரே ஒருவர் சொன்ன குறை உங்கள் மனதிலும் முன்பே உறுத்தியிருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். மற்றபடி ஒருவருக்குப் பிடிக்காதது உலகத்தில் இருந்துகொண்டுதான் இருக்கும்.

எல்லோரும் ட்விஸ்ட்டை முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள். முடிவை மாற்றட்டுமா?

அவசரப்படாதீர்கள். எந்த விநாடியில் கண்டுபிடித்தார்கள் என்று தெரிந்தால் போதும். காலைக் காட்சியில் பெரியவர் கடையை விட்டுப் போகும்முன் திரும்பிப் பார்க்கிற குளோசப் ஒன்று இருக்கிறது, நன்றாக நடித்திருக்கிறார் என்று நாலு விநாடி விட்டிருக்கிறீர்கள், கீழே ஒரு கனமான இசை. அங்கேயே “இந்த ஆள் சரியில்லை” என்று எழுதிவிட்டார்கள். அந்தப் பார்வையைத் தூக்குங்கள். எவ்வளவு நல்ல நடிப்பாக இருந்தாலும்.

ஆனால் எல்லாத் தடயத்தையும் துடைத்துவிட்டால் முடிவில் ஏமாற்றப்பட்டதாகக் கோபப்படுவார்கள், அது இன்னும் மோசம். ஒன்றை விட்டுவையுங்கள். “போட்டோ கொஞ்சம் மங்கலா இருந்தாலும் பரவால்ல, நம்பர் பெருசா இருக்கணும் தம்பி” என்று பெரியவர் சொல்வது போதும். முதல் தடவை கேட்கும்போது பதறிய அப்பாவின் பேச்சு. முடிவு தெரிந்தபிறகு அது வேறு பேச்சு. இந்த வசனத்தின்மேல் குளோசப் போட்டு அடிக்கோடிடாதீர்கள், மிட் ஷாட்டில் போகிற போக்கில் வந்துபோகட்டும்.

ஒரு சிலர் கண்டுபிடித்தால் பரவாயில்லை. கண்டுபிடித்தும் கடைசிவரை நெளியாமல் பார்த்தார்களா என்று உங்கள் குறிப்பைப் பாருங்கள்.

பெரிய இயக்குநர்களும் பார்வையாளர் சொன்னதைக் கேட்டு மாற்றுவார்களா?

மாற்றுவார்கள், விலையும் கொடுப்பார்கள். ‘ஜாஸ்’ என்ற சுறா படத்தை 1975-ல் வெளியிடும் முன் பிரிவியூ காட்டினார்கள். ஜனங்கள் நன்றாகவே அலறினார்கள். ஸ்பீல்பெர்க்குக்கு இன்னும் ஒரு அலறல் வேண்டும் என்று ஆசை. மூழ்கிய படகின் ஓட்டையிலிருந்து பிணத்தின் தலை எட்டிப்பார்க்கும் ஷாட்டை, எடிட்டர் வெர்னா ஃபீல்ட்ஸ் வீட்டு நீச்சல் குளத்தில் தண்ணீரில் பால் கலந்து கலங்கலாக்கி எடுத்துச் சேர்த்தார்கள். அரங்கம் அதிர்ந்தது. ஆனால் அதற்குப் பிறகு சுறா முதன்முதலாகத் தண்ணீருக்கு மேலே வாயைத் திறந்து வரும் இடத்தில் முன்பு கிடைத்த அலறல் பாதியாகக் குறைந்ததாக ஸ்பீல்பெர்க்கே பிற்பாடு சொன்னார். ஒரு தடவை ஏமாந்தவர்கள் உஷாராகிவிட்டார்கள். ஒரு இடத்தில் சேர்க்கிற பயம் இன்னொரு இடத்திலிருந்து கழியும். அதனால் எதை மாற்றினாலும் படம் முழுவதையும் மறுபடி காட்டிப் பார்க்க வேண்டும், மாற்றிய காட்சியை மட்டும் இல்லை.

1987-ல் வந்த ‘ஃபேட்டல் அட்ராக்‌ஷன்’ வேறு வகை. முதலில் எடுத்த முடிவில், நாயகனை விடாமல் துரத்தும் பெண் தற்கொலை செய்துகொண்டு, பழி நாயகன் மேல் விழும். டெஸ்ட் ஸ்கிரீனிங் பார்த்தவர்களுக்கு அது திருப்தி தரவில்லை, அவளுக்கு நேரடித் தண்டனை வேண்டியிருந்தது. புதிய முடிவை எடுத்தார்கள். அந்தப் பெண்ணாக நடித்த க்ளென் க்ளோஸ் கடுமையாக எதிர்த்தார். படம் பிரமாதமாக ஓடியது. சரியா தப்பா என்று இன்றும் வாதம் நடக்கிறது. என்னைக் கேட்டால், பார்வையாளரின் குழப்பத்தை எடிட்டர் தீர்க்கத்தான் வேண்டும். பார்வையாளரின் விருப்பத்துக்கு முடிவைக் கொடுக்க வேண்டிய கட்டாயம் மாணவருக்கு இல்லை. உங்கள் படத்தில் யாரும் கோடி போடவில்லை. “அந்த ஜோடி தப்பிச்சிருக்கலாம்” என்று யாராவது எழுதினால் அது வெற்றி, மாற்றாதீர்கள்.

டைரக்டரும் நான்தான், எடிட்டரும் நான்தான். எதையும் வெட்ட மனசு வரவில்லை.

முடிந்தால் வேறொரு வகுப்புத் தோழரிடம் எடிட்டைக் கொடுங்கள், அவர் படத்தை நீங்கள் வெட்டுங்கள். மழையில் நனைந்து, போலீஸிடம் கெஞ்சி, மூன்று மணி நேரம் காத்திருந்து எடுத்த ஷாட் என்பது உங்களுக்குத்தான் தெரியும். திரையில் அது தெரியாது. அப்படி யாரும் கிடைக்கவில்லை என்றால் எடிட்டை ஒரு வாரம் மூடி வையுங்கள். பிறகு லேப்டாப்பில் பார்க்காமல் டிவியில் போட்டு, கீபோர்டைத் தொட முடியாத தூரத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

யூடியூபில் போட்டுவிட்டு ரிடென்ஷன் கிராஃப் பார்த்தால் போதாதா?

எங்கே ஆட்கள் விட்டுப்போனார்கள் என்று அது காட்டும், ஏன் என்று காட்டாது. தவிர, போட்டபிறகு அதே லிங்க்கில் வேறு கட்டை மாற்றி ஏற்ற முடியாது. அடுத்த படத்துக்கான பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

புராஜெக்ட் ரிப்போர்ட்டில் பார்வையாளர் கருத்தை எப்படி எழுதுவது?

“பார்வையாளர்களுக்குப் பிடித்திருந்தது” என்று பை சார்ட் போட்டு நிரப்பாதீர்கள், மதிப்பிடுகிறவர் அதை நிறையப் பார்த்துச் சலித்திருப்பார். இரண்டே இரண்டு மாற்றத்தை எடுங்கள். என்ன சொன்னார்கள், நீங்கள் கண்டுபிடித்த காரணம் என்ன, டைம்லைனில் எது எத்தனை ஃப்ரேம் மாறியது, அடுத்த குழு என்ன சொன்னது என்று எழுதுங்கள். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் டைம்லைனின் ஸ்க்ரீன்ஷாட் வையுங்கள். ஏற்றுக்கொள்ளாத ஒரு கருத்தையும் காரணத்தோடு சொல்லுங்கள். நோட்டீஸ் ஷாட் மாதிரி ஒன்று கிடைத்தால் அதுவே இரண்டு பக்கத்துக்கு வரும்.

எடிட்டிங்கை முறையாக எங்கே படிக்கலாம்?

சென்னை தரமணியில் உள்ள அரசு எம்.ஜி.ஆர். திரைப்படம் மற்றும் தொலைக்காட்சி பயிற்சி நிறுவனத்தில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துச் சேரலாம். டிகிரி முடித்தவர்களுக்கு 1960-ல் தொடங்கிய புனே திரைப்படக் கல்லூரியும், கொல்கத்தாவில் உள்ள சத்யஜித் ராய் நிறுவனமும் இருக்கின்றன. இரண்டுக்கும் நுழைவுத் தேர்வு உண்டு. இன்னொரு வழி, எடிட்டர் ஒருவரிடம் உதவியாளராகச் சேர்வது. தமிழ் சினிமாவின் பழைய வழி அதுதான். கிருஷ்ணன்-பஞ்சு இயக்குநர் இரட்டையரில் பஞ்சு எடிட்டர். அவர்களிடம் உதவியாளராக இருந்து கற்றவர் இயக்குநர் ஏ. பீம்சிங். பீம்சிங்கின் மகன்தான் எடிட்டர் பி. லெனின். உதவியாளராகப் போனால் முதல் ஆறு மாதம் கிளிப்புக்குப் பெயர் வைப்பதும் சிங்க் (படமும் சத்தமும் பொருந்துகிறதா என்று) பார்ப்பதும்தான் வேலை. அலுப்பாக இருக்கும். ஆனால் ஒரு பெரிய எடிட்டர் எந்த டேக்கை ஒதுக்குகிறார் என்பதை அந்த இருட்டறையில் உட்கார்ந்துதான் பார்க்க முடியும்.

எப்போது லாக் செய்வது?

லாக் என்றால் இனி எடிட்டை மாற்றுவதில்லை என்று முடிவுசெய்வது. புதிய குழு ஒன்று பார்த்து, கதையை நீங்கள் நினைத்தபடி எழுதி, எந்த இடத்திலும் இரண்டு பேர் சேர்ந்து நெளியவில்லை என்றால் லாக் செய்யலாம். சமர்ப்பிக்கும் தேதி நாளை மறுநாள் என்றாலும் லாக் செய்யலாம், யாரும் குறை சொல்லப் போவதில்லை. லாக் ஆனபிறகு ஒரு ஃப்ரேமைத் தொட்டாலும் சவுண்டும் ஆர்.ஆரும் (பின்னணி இசை) டி.ஐ.யும் (கலர் வேலை) இடம் மாறிவிடும் என்பதால் அந்த வேலை செய்கிறவர்களிடம் சொல்லாமல் தொடாதீர்கள். ஃபைலுக்கு ‘ஃபைனல்’, ‘ஃபைனல் ஃபைனல்’ என்று பெயர் வைக்காமல் தேதி போட்டு வையுங்கள். இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் பேக்அப் எடுத்து, இரண்டையும் ஒரே பையில் போட்டு பஸ்ஸில் ஏறாதீர்கள்.